லோ சுகர் வந்தும் உடம்பு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறது?

ஒரு அக்கா தன் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தார். தம்பிக்கு 29 வயது, 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்து அன்றிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறார். முன்பெல்லாம் சுகர் 70க்குக் கீழே வந்தாலே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, தானே அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாராம். இப்போது மீட்டரில் 46 காட்டுகிறது, அவர் பாட்டுக்கு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் "உடம்பு பழகிடுச்சு" என்கிறார். டாக்டரோ "லோ சுகரைத் தடுக்கிற ஹார்மோன்கள் சரியா வேலை செய்யல" என்று சொல்லி டோஸைக் குறைத்திருக்கிறார். இது என்ன, சரியாகுமா, ராத்திரி லோ ஆன மறுநாள் காலையில் மட்டும் 280 ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி.

டாக்டர் சொன்னது சரி. தம்பி சொல்கிற "பழகிடுச்சு" என்பதைத்தான் வீட்டில் யாரும் நம்பிவிடக் கூடாது. அவருடைய மூளைக்குச் சர்க்கரை தேவைப்படுவது குறைந்துவிடவில்லை, சர்க்கரை குறைகிறது என்று சொல்லும் ஏற்பாடு ஓய்ந்திருக்கிறது. இதில் ஒரு பகுதி நிரந்தர இழப்பு, இன்னொரு பகுதியைச் சில வாரங்களில் திரும்பக் கொண்டுவர முடியும். எது எந்தப் பகுதி என்று புரிய, முதலில் நீரிழிவு இல்லாத ஒருவருக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூளை தனக்கென்று எரிபொருளைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும், வரத்து நின்றால் சில நிமிடங்களில் தடுமாறும். நாட்கணக்கில் பட்டினி கிடந்தால், கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் கீட்டோனையும் எரிக்கத் தெரியும், ஆனால் ஊசியில் போட்ட இன்சுலின் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது கீட்டோன் உற்பத்தியே அடங்கிவிடும் என்பதால் இன்சுலினால் வரும் லோவில் அந்த மாற்று வழியும் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் உடம்பு சர்க்கரையைக் கீழே விடாமல் இருக்க ஒன்றுக்குப் பின் ஒன்றாக இத்தனை தடுப்புகளை வைத்திருக்கிறது.

ரத்தச் சர்க்கரை 80, 85 அளவுக்கு இறங்கியதுமே கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பைக் குறைக்கின்றன (நான் சொல்லும் எண்கள் எல்லாம் மீட்டரில் பார்க்கும் அதே அளவு, டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). இதுதான் முதல் தடுப்பு, இதுவே பெரும்பாலான நேரம் போதும். அதையும் மீறி 65, 70 என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் ஆல்பா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, கிட்டத்தட்ட அதே நேரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கார்டிசால் என்ற இன்னொரு அட்ரினல் ஹார்மோனும் கூடுகிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, பசி எல்லாம் வருவது 55க்குப் பக்கத்தில்தான். 50க்குக் கீழே போனால் மூளையின் வேலையே கெட ஆரம்பிக்கும்.

இந்த வரிசையை நன்றாகக் கவனியுங்கள். ஹார்மோன்கள் வேலையை ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத்தான் நமக்கே தெரிய வருகிறது. நீரிழிவு இல்லாத ஒருவர் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாலும், விரதம் இருந்தாலும் மயங்கி விழாமல் இருப்பது இதனால்தான், எதுவும் தெரியாமலே அவர் உடம்பு சமாளித்துவிடுகிறது.

குளுக்ககான் செய்வது நேரடியான வேலை. கணையத்திலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது, அங்கே ஏறத்தாழ 80லிருந்து 100 கிராம் வரை கிளைக்கோஜனாகச் சர்க்கரை சேர்ந்திருக்கும், குளுக்ககான் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் அது உடைந்து குளுக்கோஸாக வெளியே வரும். புதிதாகக் குளுக்கோஸ் செய்யும்படியும் கல்லீரலைத் தூண்டும். அட்ரினலின் பல பக்கம் வேலை செய்கிறது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குளுக்கோஸ் விடச் சொல்கிறது, தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்வதைக் குறைக்கிறது, கொழுப்பைக் கரைத்து மற்ற உறுப்புகளுக்கு வேறு எரிபொருள் கொடுக்கிறது. கூடவே அதுவும் அதைச் சேர்ந்த நரம்புகளும் சேர்ந்து படபடப்பையும் நடுக்கத்தையும் வேர்வையையும் கொண்டுவந்து "போய் எதையாவது சாப்பிடு" என்று ஆளை எழுப்பிவிடுகின்றன. வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் மெதுவானவை, அவற்றின் பலன் தெரிய மணிக்கணக்கில் ஆகும்.

சரி, டைப் 1ல் என்ன ஆகிறது?

முதல் தடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் இல்லை. பீட்டா செல் இல்லாதவருக்கு இன்சுலினைக் குறைக்கும் வசதி எங்கிருந்து வரும்? தோலுக்கடியில் போட்ட இன்சுலின் கைவிட்டுப் போன அம்பு, சுகர் 90 ஆனாலும் 40 ஆனாலும் அது பாட்டுக்கு ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது தடுப்பான குளுக்ககான் கதைதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்ப முக்கியமாகப் படுவது, ஆனால் நோயாளிகளிடம் யாரும் இதைச் சொல்வதே இல்லை. டைப் 1ல் உடம்பின் எதிர்ப்பு சக்தி பீட்டா செல்களைத்தான் அழிக்கிறது, ஆல்பா செல்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. குளுக்ககானும் கைவசம் இருக்கிறது. புரதம் சாப்பிட்டால் சுரக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு அடங்கி இருக்க வேண்டிய நேரத்தில் சுரந்து சுகரை ஏற்றியும் விடுகிறது. சுகர் இறங்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. 1973ல் அமெரிக்காவில் ஜான் கெரிச்சும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைக் காட்டினார்கள், இன்சுலின் கொடுத்து லோ ஆக்கியபோது நீரிழிவு இல்லாதவர்களுக்குக் குளுக்ககான் எழும்பியது, டைப் 1 உள்ளவர்களுக்கு எழும்பவே இல்லை.

காரணம் அக்கம்பக்கத்து உறவில் இருக்கிறது. கணையத்தில் பீட்டாவும் ஆல்பாவும் ஒரே திட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பீட்டா விடும் இன்சுலின் பக்கத்திலுள்ள ஆல்பாவை அடக்கி வைத்திருக்கும். சுகர் இறங்கியதும் பீட்டா இன்சுலினை நிறுத்தும், அந்த இடத்தில் இன்சுலின் சட்டென்று வடியும், அப்படி வடிவதுதான் ஆல்பாவுக்கு "இப்போ நீ சுரக்கலாம்" என்கிற உத்தரவு. பீட்டா செல்லே இல்லாதபோது அந்த வடிதலும் இல்லை, உத்தரவும் போவதில்லை. நோய் வந்த முதல் சில வருஷங்களில், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச பீட்டா செல்களும் போகப் போக, இது மங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சுமார் ஐந்து வருஷத்துக்குள். உங்கள் தம்பிக்கு 18 வருஷம் ஆகிறது, லோவுக்குக் குளுக்ககான் வரும் என்று அவர் எதிர்பார்க்க முடியாது, அது பழைய நிலைக்குத் திரும்பவும் போவதில்லை. நிரந்தர இழப்பு என்று சொன்னது இதைத்தான்.

(இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கணையத்தில் கல் சேர்ந்து, கணையமே சுருங்கிப்போய் அதனால் வரும் நீரிழிவு ஒன்று உண்டு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பார்க்கக்கூடியதுதான். அதில் ஆல்பா செல்களும் சேர்ந்து அடிபடலாம், சாப்பாடு செரிப்பதும் ஒழுங்காக இருக்காது. இவர்களுக்கு இன்சுலின் கொஞ்சம் கூடிவிட்டாலும் சுகர் படுவேகமாக இறங்கும், மீண்டு வருவது சிரமம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டைப் 1 உள்ளவரைவிடவும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆக, டைப் 1 உள்ளவருக்குச் சில வருஷங்களுக்குப் பிறகு மிஞ்சுவது அட்ரினலின் மட்டும்தான், சர்க்கரையை ஏற்றவும் அதுதான் முக்கிய ஆள், ஆளுக்குத் தகவல் சொல்லவும் அதுதான். இப்போது அதுவும் உங்கள் தம்பிக்கு ஓய்ந்திருக்கிறது. ஏன் ஓய்ந்தது? லோ வந்து வந்துதான்.

இதை நிரூபித்ததில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வேலை செய்த பிலிப் கிரையர் என்ற மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1991ல் சைமன் ஹெல்லரும் அவரும் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவே இல்லாத ஆட்களுக்கு ஒரு நாள் மதியம் இன்சுலின் கொடுத்து சுகரை 50 பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள், மறுநாள் காலையில் திரும்பவும் லோ ஆக்கிப் பார்த்தபோது அட்ரினலினும் குறைவு, குளுக்ககானும் குறைவு, நடுக்கம் வேர்வை எல்லாமே குறைவு. ஒரே ஒரு மதியம்! நல்ல உடம்புக்கே இப்படி என்றால் வாரத்துக்கு நாலைந்து லோ பார்க்கும் ஒருவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு லோ அடுத்த லோவின் அறிகுறியை மழுக்குகிறது, அறிகுறி இல்லாததால் அடுத்த லோ இன்னும் ஆழமாகப் போகிறது, அது அதற்கடுத்ததை மழுக்குகிறது. 70ல் எழும்ப வேண்டிய ஹார்மோன் 60ல் எழும்பும், அப்புறம் 50ல், அப்புறம் 45ல். ஆனால் மூளை தடுமாறும் அளவு அதே வேகத்தில் கீழே இறங்குவதில்லை. முன்பு நடுக்கம் முந்திக்கொண்டு வந்தது, குழப்பம் பிந்தி வந்தது. இப்போது குழப்பம் முந்திக்கொள்கிறது, குழம்பிய மூளையை வைத்துக்கொண்டு "எனக்கு லோ ஆகுது" என்று கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

இது நேரில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் காத்திருக்கும் வரிசையில் ஒருவர் "நம்ம டோக்கன் எத்தனை?" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் கேட்டார். அவர் சொன்னார். ஒரு நிமிஷம் கழித்து அதே கேள்வி. திரும்பவும் அதே கேள்வி, இந்தத் தடவை டோக்கன் சீட்டைக் கையில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. மனைவி எழுந்து வந்து என்னிடம் "இவருக்கு சுகர் இறங்கிடுச்சு சார்" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது, எல்லார் முன்னாடியும் அந்த அம்மாவைத் திட்டினார். விரலைக் குத்தினால் 41. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு பொட்டு வேர்வை இல்லை, கை நடுங்கவில்லை, நாடித் துடிப்பு சாதாரணம். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து ஒரு கால் மணி நேரம் கழித்து 88 வந்தபோது, திட்டியது எதுவும் அவருக்கு ஞாபகமே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். சொன்னதையே சொல்வது, காரணமில்லாத எரிச்சல், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்து வாயில் வைக்காமல் இருப்பது, பார்வை ஒரு இடத்தில் நிலைகுத்தி நிற்பது, நாக்குக் குழறுவது. அந்த நேரத்தில் வாதம் செய்யாதீர்கள், முதலில் சுகரைப் பாருங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள்.

லோ வந்து வந்து அட்ரினலின் மழுங்குவது தவிர இன்னும் சில விஷயங்களும் அதைக் கெடுக்கின்றன. தூக்கம் ஒன்று. தூங்கும்போது லோ ஆனால் அட்ரினலின் எழும்புவதே குறைவு, டைப் 1 உள்ளவர்கள் விழித்துக்கொள்வதும் குறைவு. 1993ல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க-கனடா ஆய்வில் 1,441 டைப் 1 நோயாளிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள், சுகரைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் அடுத்தவர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான லோ மூன்று மடங்கு ஆனது, அதில் பாதிக்கும் மேல் தூக்கத்தில் வந்தவை. உடற்பயிற்சி இன்னொன்று. சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஷட்டிலோ கிரிக்கெட்டோ ஆடிவிட்டு வந்தால் தசைகள் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும், ஹார்மோன் பதிலும் மந்தமாக இருக்கும், இரண்டும் சேர்ந்து நடுராத்திரி லோவில் கொண்டுபோய் விடும். மதுவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதையே நிறுத்திவிடுகிறது, குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் கிளைக்கோஜன் தீர்ந்த பிறகு தூக்கிவிட எதுவும் இருக்காது, வாசனையை வைத்துப் பார்ப்பவர்களும் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாதிரியான மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும். ஆனால் வேர்வையை மறைக்காது, ஏனென்றால் வேர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அட்ரினலின் வகையைப் பயன்படுத்துவதில்லை. அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீர் வேர்வை ஒன்றையே அறிகுறியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது காலை 280க்கு வருவோம். ராத்திரி லோ ஆனதால் ஹார்மோன்கள் பொங்கி எழுந்து காலையில் சுகரை ஏற்றிவிடுகின்றன என்ற விளக்கத்தை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். 1938ல் மைக்கேல் சொமோகி சொன்னது அது, அவரும் செயின்ட் லூயிஸ்காரர்தான். அவர் காலத்தில் அது முக்கியமான எச்சரிக்கை, காலை சுகரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு இன்சுலினைக் கூட்டாதே என்பதுதான் அதன் சாரம். ஆனால் தோலில் ஒட்டும் சென்சார் வந்து ராத்திரி முழுக்க சுகரைப் பதிவு செய்ய முடிந்த பிறகு பார்த்தால், ராத்திரி லோ ஆனவர்களுக்குக் காலை சுகர் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கிறது. உங்கள் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள், குளுக்ககான் இல்லை, அட்ரினலின் மந்தம், பொங்கி எழுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

அப்புறம் எப்படி 280? என் அனுபவத்தில் முதல் சந்தேகம் அடுப்படி மேல்தான். மூன்று மணிக்கு லோ என்று எழுந்து பயத்தில் ஒரு டம்ளர் ஜூஸ், நாலு பிஸ்கெட், ரெண்டு வாழைப்பழம், போதாததுக்கு ஒரு லட்டு என்று அடித்துவிட்டுப் படுத்தால் காலையில் வேறு எண் வராது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, லோ சமயத்தில் வரும் பசி அப்படிப்பட்டது. அடுத்தது, விடிகாலையில் தானாக வரும் ஏற்றம். ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனின் விளைவாக மூன்று, நாலு மணிக்கு மேல் இன்சுலின் தேவை எல்லோருக்குமே கூடும், பீட்டா செல் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சரிக்கட்டிவிடுவார்கள், தம்பியால் முடியாது. முதல் நாள் போட்ட நீண்டநேர இன்சுலின் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துவிட்டிருந்தால் ஏற்றம் இன்னும் பெரிதாகத் தெரியும். இதில் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை, சில நாள் படுக்கும்போதும் இரண்டு, மூன்று மணிக்கும் எழுந்தவுடனும் குத்திப் பார்த்து, நடுவில் என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதி வையுங்கள், அல்லது இரண்டு வாரத்துக்குச் சென்சார் ஒட்டிப் பாருங்கள். விடை அதிலேயே இருக்கும்.

மெதுவான ஹார்மோன்களைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. டைப் 1 உள்ள சிலருக்கு அதே எதிர்ப்பு சக்திக் கோளாறு அட்ரினல் சுரப்பியையும் தாக்கிக் கார்டிசால் குறைந்துபோகும். சாப்பாடும் நடமாட்டமும் மாறாமல் இன்சுலின் தேவை மட்டும் குறைந்துகொண்டே வருவது, அடிக்கடி காரணமில்லாத லோ, எடை குறைவது, ஓயாத களைப்பு, தோல் கறுப்பது, உப்பாகச் சாப்பிடத் தோன்றுவது என்றெல்லாம் சேர்ந்து வந்தால் கார்டிசால் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

டைப் 2 உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு லோ வருவது அரிது, அவருடைய பீட்டா செல்கள் இன்னும் இன்சுலினைக் குறைக்கவும் தெரிந்தவை, குளுக்ககானும் எழும்பும். கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகள்தான் வேறு விஷயம். இவை சுகர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் பீட்டா செல்லைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுப்பவை, வயதானவர் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாலோ சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ லோ நீண்டுகொண்டே போகும். சர்க்கரை கொடுத்துத் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும் என்பதால் இந்த மாத்திரையால் மயங்கியவரைத் தெளிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது, ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். டைப் 2லேயே பல வருஷம் ஆகி, பீட்டா செல் ஓய்ந்து, முழுக்க இன்சுலினில் இருப்பவர் ஏறக்குறைய உங்கள் தம்பியின் நிலைமைக்கே வந்துவிடுவார்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. மாதக்கணக்கில் சுகர் 300, 350 என்று இருந்தவருக்குச் சிகிச்சையில் 100க்கு வந்ததும் நடுக்கமும் வேர்வையும் வரும், "எனக்கு லோ ஆகுது" என்று ஓடி வருவார். பொய் சொல்லவில்லை, அவருடைய ஹார்மோன்கள் உயர்ந்த சுகருக்கு ஏற்றபடி மேலே நகர்ந்து நிற்கின்றன. அவருக்கு வேண்டியது சர்க்கரை இல்லை, மீட்டரில் பார்த்து லோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு சில வாரம் பொறுப்பதுதான். ஹார்மோன் எழும்பும் அளவு மேலேயும் நகரும் கீழேயும் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை, உங்கள் தம்பி விஷயத்தில் நம்பிக்கை வருவதும் இதனால்தான்.

ஏனென்றால் கீழே போனதைத் திரும்ப மேலே கொண்டுவரலாம். 1993, 94 வாக்கில் இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என்று தனித்தனிக் குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்தன, லோவை முற்றிலும் தவிர்த்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே அறிகுறிகள் திரும்ப ஆரம்பிக்கின்றன, சில மாதங்களில் நன்றாகவே தெரிகின்றன. அட்ரினலின் அளவு முழுதாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் கூடலாம். குளுக்ககான் திரும்புவதில்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் "எனக்கு லோ ஆகுது" என்று தனக்கே தெரிவது திரும்புகிறது, உயிரைக் காப்பாற்ற அது போதும். இதற்கு விலை உயர்ந்த கருவி இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2014ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் இன்சுலின் பம்ப் வைத்தவர்களையும் சாதாரண ஊசிக்காரர்களையும், சென்சார் வைத்தவர்களையும் விரலில் குத்திப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள், நல்ல பயிற்சியும் தொடர்ந்த கவனிப்பும் கிடைத்தபோது எல்லாப் பிரிவினருக்கும் உணர்வு ஒரே மாதிரி மேம்பட்டது.

"தவிர்ப்பது" என்றால் 70க்குக் கீழே விடவே கூடாது என்று பொருள், 62தானே, சமாளித்துவிட்டேனே என்ற கணக்கு இங்கே செல்லாது. அதற்காகச் சில வாரங்களுக்கு இலக்கை மேலே தூக்கி வைக்க வேண்டும், படுக்கும்போது 120க்குக் குறையாமல் என்பது மாதிரி. சரியான எண்ணையும் எந்த இன்சுலினை எத்தனை யூனிட் குறைப்பது என்பதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் தம்பியின் டாக்டர் டோஸைக் குறைத்ததும் இதற்காகத்தான். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் முரண்டு பிடிக்கிறார்கள். மூன்று மாத சராசரி (HbA1c) 6.3 சதவீதம் என்று வருவதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவர்கள், அது 7.3 ஆகும் என்றதும் மனசு கேட்பதில்லை. நான் அவர்களிடம் சொல்வது இதுதான். அந்த 6.3ல் ராத்திரி வரும் 48களுக்கும் பங்கு உண்டு, அதை நல்ல கட்டுப்பாடு என்று சொல்ல மாட்டேன். சில வாரம் சுகர் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் கண்ணோ சிறுநீரகமோ கெட்டுவிடாது. இரண்டு சக்கர வண்டியில் போகும்போது தெரியாமல் வரும் ஒரு லோ எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அந்த வாரங்களில் வண்டி எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும்போதும் கட்டாயம். விளையாடிவிட்டு வந்த நாளில் ராத்திரி டோஸ் பற்றித் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் அலாரம் அடிக்கும் சென்சார் வாங்கினால் நல்லது, ஓய்ந்த ஹார்மோனின் வேலையில் தகவல் சொல்வதை அது செய்துவிடும், ஆனால் அது தோலுக்கடியில் இருக்கும் நீரில் அளப்பதால் வேகமாக இறங்கும்போது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கிக் காட்டும், அதனால் அலாரத்தை 55ல் வைக்காமல் 75, 80ல் வையுங்கள்.

லோ வந்துவிட்டால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்து, 15 நிமிடம் காத்திருந்து திரும்பப் பார்த்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. சரியானதும் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஒரு இட்லியோ ரெண்டு பிஸ்கெட்டோ போதும். சாக்லேட், லட்டு வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் உடையும், அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடரேதான் வேண்டும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவருடைய ஆல்பா செல் கொடுக்க மறுக்கிற குளுக்ககானை வெளியிலிருந்து கொடுக்கலாம், 1 மில்லிகிராம் ஊசியாகவும் சில நாடுகளில் மூக்கில் அடிக்கும் 3 மில்லிகிராம் பொடியாகவும் கிடைக்கிறது, கல்லீரல் இந்த ஹார்மோனுக்குக் கீழ்ப்படிய மறக்கவில்லை என்பதால் பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆள் கண் திறப்பார். கல்லீரலில் கிளைக்கோஜன் தீர்ந்திருந்தால், அதாவது பட்டினியிலோ குடித்த பிறகோ வந்த லோவாக இருந்தால், அவ்வளவாகப் பலிக்காது, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆக வேண்டும். இந்த ஊசி எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது, வாங்க முடியும் என்றால் டாக்டரிடம் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள், போடத் தெரிய வேண்டியது தம்பிக்கு இல்லை, உங்களுக்கும் அவரோடு ஒரே அறையில் தூங்குபவருக்கும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது தம்பியிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி எடுத்துப் போங்கள். லோ ஆரம்பிப்பது உனக்கு எவ்வளவு தெரிகிறது, எப்போதும் தெரிகிறது என்றால் 1, ஒருபோதும் தெரிவதில்லை என்றால் 7, நீ எங்கே நிற்கிறாய்? 4 அல்லது அதற்கு மேல் சொன்னால் உணர்வு மங்கியிருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். லோ இல்லாத மூன்று நாலு வாரத்துக்குப் பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், அந்த எண் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் இலக்கை மெல்ல மெல்லப் பழையபடி கீழே கொண்டுவருவார்.